ஆழ்வலி

தான் அடித்த நாயைத் தானே தூக்கிக்கொண்டு வந்தான்
மீன் வண்டி ஓட்டும் சேவுகன்.
கோட்டையூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் என்றான்.
தொண்டி நெத்திலி வாடை போகாத பிளாஸ்டிக் பெட்டியில்
ஐஸ் கரைந்த தண்ணீருக்குள்
முன்பாதி நடுங்கிக்கொண்டிருந்தது.
பின்பாதி சும்மா கிடந்தது.

பேர் கேட்டேன்.
"ரோட்டு நாய்க்கு ஏதுங்க பேரு."
பதிவேட்டில் ரோடு என்று எழுதினேன்.
பெட்டை, செவலை, இரண்டு வயது இருக்கலாம்.

இடுக்கியால் பின்கால் விரலை நெரித்தேன்.
கால் வெடுக்கென்று மடங்கியது.
"உணர்ச்சி இருக்கு டாக்டர்!"
கிட்டத்தட்டக் கத்திவிட்டான்.
நான் காலைப் பார்க்கவில்லை.
முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ரோடு
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எப்படிச் சொல்வது.
காலுக்குத் தெரிந்தது, நாய்க்குத் தெரியவில்லை.
சேதி முதுகுத்தண்டு வரை போய்
அங்கிருந்தே உத்தரவு வாங்கித் திரும்பிவிட்டது.

"ரங்கூன் கிட்டங்கியில் கடன் கொடுப்பதா வேண்டாமா
மேலாளே முடிவெடுத்துவிடுவார்.
கடுதாசி கப்பலேறிக் கானாடுகாத்தான் வந்து சேரும்போது
முதலாளிக்கு அது பழைய கதை.
அந்த மாதிரி" என்றேன்.

"கடுதாசி இன்னும் வரலைங்கிறீங்க."

"கப்பலே ஓடவில்லை."

"எப்ப ஓடும்?"

வீக்கம் வடிந்தால் ஓடும்.
வடிந்தும் ஓடாமல் போகும்.
இரண்டாவதைச் சொல்லாமல் ஊசி மருந்தை உறிஞ்சினேன்.

அவன் கை ஆடிக்கொண்டே இருந்தது.
"நாயின்னு தெரியறதுக்கு முன்னாடியே
காலு பிரேக்கை மிதிச்சிருச்சுங்க.
அப்புறந்தான் நாயைப் பார்த்தேன்.
அதையும் மேலாள்தான் மிதிச்சாரா?"

பாதி சரி. திருத்தவில்லை.

*

எனக்குச் சர்க்கரை. பதினோரு வருடம்.
போன சித்திரையில் மாத்தூர் கோயில் பிரகாரத்தில்
உச்சி வெயிலில் எல்லோரும்
நெருப்பில் விழுந்த எள்ளாய்த் துள்ளி ஓட
நான் மட்டும் நிதானமாக நடந்து சுற்றி வந்தேன்.
பக்தி என்று நினைத்திருப்பார்கள்.
ஒரு அம்மாள் வழிவிட்டு ஒதுங்கிக் கும்பிட்டாள்.
ராத்திரி ஆத்தங்குடிக் கல் தரையில்
ஈரச் சுவடு விழுந்ததைப் பார்த்துத்தான்
கொப்புளம் உடைந்தது தெரிந்தது.
தரை குளிர்ந்திருக்கும். அது அனுமானம்.

நரம்பு டாக்டர் இசைக்கவையைத் தட்டி
கட்டைவிரல் எலும்பில் வைத்து
"அதிருதா?" என்றார்.
கவையின் நுனி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அதிர்ந்தது.
"ம்" என்றேன்.

*

சேவுகன் தினமும் வந்தான்.
மூத்திரப்பையை அழுத்திவிடக் கற்றுக்கொண்டான்,
புண் வராமல் புரட்டிப்போட,
விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்க்க.
கால் மடங்கும் ஒவ்வொரு முறையும்
அவனும் இப்போது முகத்தைத்தான் பார்த்தான்.

ஒன்பதாம் நாள் கதவு திறக்கும் முன்பே நின்றிருந்தான்.
கையில் துண்டு சுற்றி, துண்டு சிவந்து,
முகமெல்லாம் பல்.
"கடிச்சிருச்சு டாக்டர்!
நடு விரலைக் கிள்ளுனேன்,
திரும்பி
யாருடா அவன்னு
என் மூஞ்சியைப் பார்த்துக் கடிச்சிருச்சு!"

சோப்புப் போட்டு கால் மணி நேரம் கையைக் கழுவு,
பிறகு நேராகப் பெரிய ஆஸ்பத்திரி,
இன்றைக்கே ஊசி, நாளைக்கு இல்லை என்று திட்டினேன்.
குழாயடியில் ரத்தம் ஓட ஓட
"வலிக்குது அதுக்கு, வலிக்குது" என்று
குழந்தை பிறந்ததைச் சொல்வதுபோல்
மருந்து கட்டுகிற ஆரோக்கியத்திடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆழ்வலி: உண்டு.
எழுதிவிட்டுக் கீழே இரண்டு கோடு போட்டேன்.
அரசாங்கப் பதிவேட்டில் அப்படிப் போடக்கூடாது.

உள்ளறையில் யாரும் இல்லை.
செருப்பைக் கழற்றினேன்.
அதே இடுக்கி.
நகம் வெளுத்தது.
இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

வெளியே ஆரோக்கியம்
பெட்டியை நகர்த்தும்போது கால் பட்டிருக்க வேண்டும்.
ரோடு
மூக்கிலிருந்து வால் நுனி வரைக்கும்
கத்தியது.